மாலை ஆறு நாற்பது

என் அண்ணனைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் முதலில் எரிச்சல்தான் வருகிறது. போதையை விட்டார், சிறையிலேயே பட்டம் வாங்கினார், சட்டத்தையே மாற்றினார் என்று மேடையில் அடுக்குகிறார்கள். பட்டத்தின் கடைசி இரண்டு தாள்களை வெளியே வந்துதான் எழுதினான். சட்டம் ஒன்றும் மாறவில்லை, ஒரு நேரம் மாறியது, அவ்வளவுதான். அது மாறுவதற்கு முன்னால் அவன் என்னைப் படுத்திய பாடு எந்த மேடையிலும் வராது. அதனால் நானே எழுதுகிறேன்.

தெருவில் அவனுக்கு டேப்பு என்று பெயர். ஒயர்மேன் வேலை. கறுப்பு இன்சுலேஷன் டேப் கையில் இருந்தால் உலகத்தில் சரிசெய்ய முடியாதது எதுவும் இல்லை என்று நம்புகிறவன். மூக்குக்கண்ணாடி, குடைக்கம்பி, என் செருப்பு வார் எல்லாம் அந்தக் கறுப்பு டேப்பில்தான் உயிர் வாழ்ந்தன. ஒருமுறை என் பள்ளிப் புத்தகத்தை ஒட்டிக் கொடுத்தான். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் திறக்கவே முடியவில்லை. டீச்சரிடம் திட்டு வாங்கியது நான்.

முப்பத்தோராவது வயதில், கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்பெலும்பு நொறுங்கியது. வலிக்கு மாத்திரை, மாத்திரை போதாமல் ஊசி, ஊசிக்குக் காசு போதாமல் செம்புக் கம்பித் திருட்டு. இரண்டு வருஷத்தில் இவ்வளவும் நடந்தது. அப்பா அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

அப்போது நான் ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவருகிறேன் என்று அண்ணன் தினமும் தாங்கித் தாங்கி நடந்து வருவான். என்ன பாசம் பார் என்று கூட நிற்கும் அக்கா கண் கலங்குவாள். அந்தப் பாசம் அட்டை அட்டையாக அவன் கால்சட்டைப் பைக்குள் போய்க்கொண்டிருந்தது. சரக்கைச் சரிபார்த்த அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து வர வேணாம்மா" என்றார். போலீசுக்குப் போகாமல் விட்டாரே என்று அவர் காலில் விழாத குறை. அதற்குப் பிறகு எனக்கு வந்த இரண்டு வரன்களும் அண்ணன் என்ன செய்கிறான் என்று விசாரித்ததோடு நின்றன. மூன்றாவது வரனை நானே வரவிடவில்லை.

வீட்டில் இருந்த ஒரே பீரோவுக்கு இன்னொரு பூட்டு போட்டேன். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். அந்தப் பழக்கம் உடம்போடு ஒட்டிவிட்டது. கரண்டியின் அடியில் மருந்து காய்ச்சிய கருப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, துவைக்கப் போடும் சட்டையின் கை மடிப்பில் ரத்தப் பொட்டு தேடுவது, குளியலறையில் அவன் எத்தனை நிமிஷம் இருக்கிறான் என்று எண்ணுவது. போதை அவனுக்கு, நோய் எனக்கு.

செம்புக் கம்பிக்காக மூன்று வருஷம் உள்ளே போட்டார்கள். அந்த மூன்று வருஷத்தில் ஊசியை மறந்தான், பன்னிரண்டாம் வகுப்பு எழுதித் தேறினான். கடிதத்தில் கையெழுத்து நேராக வர ஆரம்பித்தது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, வந்துவிட்டது.

விடுதலைத் தேதியைச் சொல்லிக் கடிதம் வந்தது. நேரம் போடவில்லை. சிறை ஊருக்கு வெளியே பதினோரு கிலோமீட்டர். நான் அப்போதுதான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன், சாயங்காலம் நாலு முதல் எட்டு வரை ஷிப்ட். காலை ஒன்பது மணிக்குச் சிறைவாசலில் போய் நின்றேன். கையில் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை, கடைக் கவரோடு. ஜன்னலில் கேட்டேன். "இன்னும் ஆகலம்மா, போய் உக்காரு" என்றார்கள். பத்தரைக்குக் கேட்டேன், பன்னிரண்டுக்குக் கேட்டேன், ஒன்றரைக்குக் கேட்டேன். அதே பதில். இரண்டரைக்குக் காவலர் ஆள் மாறியது. புதிதாக வந்தவர் என் முகத்தைக் கூடப் பார்க்காமல், "இன்னைக்கு ரிலீஸா? காலையிலயே போயிருப்பாரும்மா. வீட்ல போய்ப் பாரு" என்றார்.

மூன்று மணிப் பேருந்தைப் பிடித்தேன். வீட்டில் பார்த்தேன். இல்லை. வேலைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தேன். இல்லை. மூன்றாம் நாள் வந்தான், கண் செருகி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு. நான் வருவதற்கு முன்பே நழுவி நேராக ஊசிக்குப் போயிருக்கிறான் என்று எனக்குப் புரிந்துபோனது. அவன் முகத்தில் அடித்த மாதிரிக் கதவைச் சாத்தினேன். நான் வந்து ஆறு மணி நேரம் நின்றதைச் சொல்லவில்லை. ஏமாந்த கதையைத் தன் வாயால் சொல்லிக்கொள்ள யாருக்குப் பிடிக்கும்? அவனும் எதையும் கேட்கவில்லை. நாலே மாதத்தில் மறுபடியும் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்தமுறை இரண்டரை வருஷம். தண்ணி தெளித்து விட்டேன்.

உள்ளே போனவன் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணிப் படிப்பில் சேர்ந்தான் என்று கடிதம் எழுதினான். பதில் போடவில்லை. ஆனால் படித்தேன், எல்லாக் கடிதத்தையும் படித்தேன். ஒரு கடிதத்தில் வாசல் அலுவலகத்தில் டியூப்லைட் மாட்டப் போன கதையை எழுதியிருந்தான். சிறையில் மின்வேலைக்கு வேறு ஆள் கிடையாது. அங்கே சுவரில் ஒரு கரும்பலகை. கைதிகளின் காலை எண்ணிக்கை, மாலை எண்ணிக்கை என்று இரண்டு கட்டம். ஏணியில் நின்றபடியே எழுத்தரிடம், "ஏன் சார் எல்லாரையும் சாயங்காலமே விடறீங்க?" என்று கேட்டிருக்கிறான். அவர் நல்ல மனிதர், ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். "பகல்ல ஒருத்தர விட்டா பலகையில கழிக்கணும், ரெண்டு அதிகாரிகிட்ட கையெழுத்து வாங்கணும். ஆறு மணிக்கு எண்ணி முடிச்சிட்டு விட்டா ஒரு வேலையும் இல்ல பாரு."

அதைப் படித்தபோது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அவன் வழக்கம்போல ஊர்க்கதை அளக்கிறான் என்று கடிதத்தை மடித்து வைத்தேன்.

இரண்டாவது முறை வெளியே வந்த அன்று நான் போகவில்லை. போவதில்லை என்றே முடிவு செய்திருந்தேன். மறுநாள் மதியம் கதவைத் தட்டினான். மெலிந்திருந்தான், கண் தெளிவாக இருந்தது. பரீட்சை எழுதிவிட்டு வருவதாகச் சொன்னான். சிறைவாசலிலிருந்து பதினோரு கிலோமீட்டர் நடந்து, பரீட்சை நடக்கும் கல்லூரியின் வாசலிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தானாம்.

"படிப்பு காப்பாத்திச்சுன்னு சொல்லுவாங்க பாப்பா," என்றான். எனக்கு எத்தனை வயதானாலும் அவனுக்கு நான் பாப்பாதான். "பாடம் ஒண்ணும் காப்பாத்தல. பையில ஹால் டிக்கெட் இருந்துச்சு. காலையில ஒம்பது மணிக்கு நான் ஒரு எடத்துல இருக்கணும்னு அதுல போட்டிருந்துச்சு. என்னைய எதிர்பார்த்து ஒரு நாற்காலி. அத வச்சுத்தான் நடந்தேன்."

முன்னறையில் இடம் கொடுத்தேன். பீரோ சாவியைக் கொடுக்கவில்லை.

ஒரு அச்சகத்தில் மின்வேலைக்குச் சேர்ந்தான். பட்டத்தை முடித்தான், முதுகலைக்குப் பணம் கட்டினான். இரண்டு வருஷம் ஒரு குறையும் சொல்ல முடியாது. எனக்குத்தான் நிம்மதி இல்லை. தினமும் வேலை விட்டதும் எங்கோ போய்விட்டு, நான் ஷிப்ட் முடிந்து வந்த பிறகுதான் வந்தான். கேட்டால், "புராஜெக்ட் வேல" என்பான். எங்கே என்றால் மென்று விழுங்குவான்.

ஒருநாள் சலவைக்கூடத்தில் கூட வேலை செய்கிற, ஐந்து மணிக்கே வீட்டுக்குக் கிளம்புகிற ஒருத்தி நீராவி இஸ்திரி இயந்திரத்தில் விரிப்பைத் தள்ளிக்கொண்டே, "உங்க அண்ணன ஜெயிலுக்கு எதிர்ல பஸ் ஸ்டாப்புல தினமும் பாக்கறேன்க்கா. யாருக்குக் காத்திருக்காரு?" என்றாள்.  மறுநாள் லீவு சொல்லிவிட்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு அங்கே போனேன்.

ஆறேகாலுக்குக் கடைசிப் பேருந்து கிளம்பிப் போனது. அண்ணன் அதில் ஏறவில்லை. நிழற்குடையின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில், தோள் உரசும் தூரத்தில், சிரிப்பு உட்கார்ந்திருந்தான். சிரிப்பு என்பது பட்டப்பெயர். போதை மருந்து விற்கிறவன், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. முன்பு அண்ணனைத் தேடி என் வீட்டு வாசலுக்கே வந்து, என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனவன். அவனுடைய வெள்ளை வேன் ஓரமாக நின்றது. அவன் எழுந்து போய் இரண்டு கிளாஸ் தேநீர் வாங்கி வந்தான். ஒன்றை அண்ணன் வாங்கிக்கொண்டான்.

எனக்குப் பார்க்கவேண்டியது அவ்வளவுதான். திரும்பினேன், வழியில் வந்த ஆட்டோவில் ஏறினேன், வீட்டுக்கு வந்து அவன் பெட்டியைக் கவிழ்த்தேன். துணிக்கு அடியில் ஒரு நோட்டு. முதுகில் கறுப்பு டேப். நடுவில் பிரித்தேன். வரிவரியாகத் தேதி, நேரம், எழுத்துக்கள். 'மாலை 6.40. ம. பேருந்து இல்லை. சி. பேசினான். வேனில் போனார்.' 'மாலை 6.45. க. சி. பேசினான். ஏறவில்லை. நடந்தார்.' பக்கம் பக்கமாக இதே. சிரிப்புக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கணக்கு என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? பத்து வருஷம் எனக்கு அவன் கொடுத்த பயிற்சி அது.

அவன் வந்தபோது அவன் பெட்டி வாசற்படிக்கு வெளியே இருந்தது. நோட்டு என் கையில்.

"கையும் களவுமா மாட்டிக்கிட்ட. இன்னும் என்ன பூ சுத்தப்போற?"

அவன் நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நீ வந்தியா அங்க?"

"வந்தேன். அவன் வாங்கிக் குடுத்த டீய நீ குடிச்சதையும் பாத்தேன்."

"அவன்கிட்ட பேச்சு குடுத்தாத்தான் வேன்ல எத்தன பேரு ஏறினாங்க, எங்க எறங்கினாங்கன்னு தெரியும். வேற எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்றான். பிறகு குரல் இறங்கியது. "ஒவ்வொரு நாளும் அவன் பக்கத்துல உக்காந்துட்டு வரும்போது எனக்குக் கை நடுங்குது பாப்பா. அதான் உங்கிட்ட சொல்லல."

"காது குத்தாத."

"முன்பக்கத்துலேர்ந்து படி. படிச்சிட்டு அப்புறம் வெளிய தள்ளு."

நின்றபடியே முதல் பக்கத்தைத் திருப்பினேன். இரண்டாவது வரியை முதலில் படித்தேன். 'மாலை 6.40. தச்சர். யாரும் வரவில்லை. வேனில் போனார். மறுநாள் காலை இறந்தார்.' தச்சரை எனக்குக் கடிதங்களில் தெரியும். அடுத்த அறையில் இருந்தவர், சிறைப் பட்டறையில் மேசை நாற்காலி செய்தவர், இவனுக்குப் படிக்க ஒரு சாய்வுப் பலகை செய்து கொடுத்தவர்.

அண்ணன் வாசலில் நின்றே சொன்னான். தச்சர் விடுதலையாகும் அன்று அச்சகத்தில் வேலை முடித்துவிட்டுப் போய்ச் சேர ஏழு மணியாகிவிட்டதாம். ஆள் இல்லை. ஆறு நாற்பதுக்கு வெளியே வந்தார், கடைசிப் பேருந்து போயிருந்தது, யாரும் வரவில்லை, வேன்காரன் டவுனில் விடுகிறேன் என்றான், ஏறிக்கொண்டார் என்று தேநீர்க்கடை அம்மா சொன்னாராம். "நாலு வருஷம் தொடாத உடம்பு அது. பழைய அளவ ஏத்திக்கிட்டாரு. உடம்பு தாங்கல. ஒரே ஒரு பஸ் முன்னாடி விட்டிருந்தா அந்த மனுசன் வீட்டுக்குப் போயிருப்பாரு."

அப்போதுதான் நான் முதல் வரியைப் பார்த்தேன். தேதி எனக்கு மனப்பாடம். ஐந்து வருஷத்துக்கு முந்தைய தேதி. அதன் பக்கத்தில் அவனுடைய நேரான கையெழுத்து: 'மாலை 6.40. நான். யாரும் வரவில்லை. வேனில் போனேன்.'

காலை இல்லை, மாலை. நான் வாசலில் நின்ற அந்த ஆறு மணி நேரமும் அவன் உள்ளேதான் இருந்திருக்கிறான். ஒரு சுவருக்கு அந்தப்பக்கம்.

 பெட்டியை உள்ளே இழுத்து வைத்தேன். "கை கழுவிட்டு வா" என்று மட்டும் சொன்னேன். நான் வந்து நின்றதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று என்னையே இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். அவன் முகத்தில் கதவைச் சாத்திய கை இது. எந்த வாயால் ஆரம்பிப்பேன்?

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் முன்னறையில் கூட்டம். விடுதலையான ஆட்கள் ஆறேழு பேர், இரண்டு மூன்று அம்மாக்கள், தேநீர்க்கடை அம்மா. சாயங்கால சங்கம் என்று நான் கிண்டல் செய்வேன். அவர்கள் அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். பக்கத்து வீடு இரண்டு மாதம் எங்களோடு பேசவில்லை. குற்றவாளிக்கூட்டம் கூடுகிறது என்று வீட்டுக்காரரிடம் யாரோ ஓதியிருக்கிறார்கள், அவர் வந்து முன்னறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். காலையில் விடுங்கள், பேருந்து இருக்கும் நேரத்தில் விடுங்கள் என்று ஒரே ஒரு கோரிக்கை. கையெழுத்து வாங்கி, நோட்டை நகலெடுத்து, சிறைக் கண்காணிப்புக் குழுவுக்கு அனுப்பினார்கள். எட்டு மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

நானும் போனேன், சும்மா உட்கார்ந்திருக்க. நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி, ஒரு அம்மையார். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் எழுந்து நின்று, ஒரு வருஷத்தில் தான் பார்த்த இருநூற்றுப் பதினான்கு விடுதலைகளைப் பற்றிச் சொன்னான். குரல் நடுங்கவில்லை. 

பிறகு சிறை அதிகாரி எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை, கெட்டிக்காரர். நோட்டின் நகலை விரலால் தட்டினார்.

"இவரோட நோட்டையே பாப்போம். இருநூத்திப் பதினாலு பேர்ல நூத்தி அம்பத்தெட்டு பேருக்கு நேரா என்ன எழுதியிருக்காரு? 'யாரும் வரவில்லை.' முதல் வரியே இவரைப் பத்தினதுதான். 'நான். யாரும் வரவில்லை.' வீட்டு ஆளுங்களே வேண்டாம்னு விட்டவங்களக் காலையில விட்டா என்ன, சாயங்காலம் விட்டா என்ன? அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் ஒரு வருஷம் உட்கார்ந்து, கை நடுங்கி எழுதிய நோட்டு அவன் கழுத்துக்கே வந்துவிட்டது.  அவன் தலை குனிவதைப் பார்த்தேன். அந்தத் தலைகுனிவை எனக்குத் தெரியும். மருந்துக்கடை நாளில் பார்த்தது.

நான் எழுந்துவிட்டேன்.

"அது தப்புங்க."

நீதிபதி அம்மா நிமிர்ந்தார். "நீங்க யாரும்மா?"

"அவரோட தங்கச்சி. அந்த முதல் வரி தப்பு. நான் வந்தேன்."

அண்ணன் திரும்பவில்லை. முதுகு மட்டும் அசையாமல் நின்றது.

"காலையில ஒம்பது மணிக்கு வந்தேன். மூணு மணி வரைக்கும் வாசல்ல நின்னேன். ஜன்னல்ல நாலு தடவ கேட்டேன், இன்னும் ஆகல, ஆகலன்னாங்க. கடைசியில ஒருத்தர் காலையிலயே போயிட்டிருப்பாருன்னு சொன்னாரு. நாலு மணிக்கு எனக்கு வேல. சட்டை ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன். அதத் திருப்பி எடுத்துட்டுப் போனேன்." அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், அழுதுவிட்டேன். "வேண்டாம்னு விடலீங்க. எத்தன மணின்னு யாரும் சொல்லல."

 நீதிபதி அம்மா அண்ணனிடம் கேட்டார். "நீங்க எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும் அங்க உட்கார்ந்து எழுதினீங்க?"

"அஞ்சரைலேர்ந்து ஏழுங்க. பகல்ல எனக்கு வேல."

"அப்போ காலையில வந்து காத்திருந்து போனவங்களை நீங்க பார்த்ததே இல்லை."

"இல்லீங்க," என்றான். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அது எனக்குத் தோணவே இல்லீங்க. யாரும் வர்றதில்லன்னுதான் நான் நெனச்சேன்."

ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். பகல் நேரத்தையும் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

திரும்பும் பேருந்தில் பாதி வழியில், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "என்ன சட்டை?" என்று கேட்டான்.

"நீலம். கட்டம் போட்டது."

"எங்க அது?"

"பீரோவுல."

அவன் திருடிவிடக் கூடாது என்று இரட்டைப் பூட்டு போட்ட அந்தப் பீரோவில் அவனுக்காக வாங்கிய சட்டை அத்தனை வருஷமும் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். அவனே திறந்து எடுத்தான். போட்டுப் பார்த்தான். பொத்தான் இரண்டு பக்கமும் சேரவில்லை. அப்போது அவன் எலும்பும் தோலுமாக இருந்த அளவுக்கு எடுத்தது. இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒட்டுவதற்கு டேப் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். அழுகையோடு தலையை ஆட்டினான்.

அந்த மாதத்தில் மூன்று வாரம், காலை எட்டிலிருந்து மூன்று வரைக்கும், நோட்டும் பேனாவுமாகச் சிறைவாசலில் உட்கார்ந்தது நான். அதற்குப் பிறகு சலவைக்கூடம். அண்ணன் வழக்கம்போல அஞ்சரைக்கு வருவான். வாசலில் என்ன பார்ப்பேன் என்று எனக்கு முன்பே தெரியும், ஆனாலும் தாங்க முடியவில்லை. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. டிபன் டப்பாவோடு ஒரு தகப்பன், மூடியைத் திறந்து சூடு ஆறிவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. எல்லாரும் ஜன்னலுக்குப் போவார்கள், திரும்பி வந்து உட்கார்வார்கள், கடைசியில் ஒவ்வொருவராகப் பேருந்து ஏறுவார்கள். அந்த மூன்று வாரத்தில் விடுதலையானவர்கள் பத்தொன்பது பேர். பதின்மூன்று பேருக்குக் காலையில் ஆள் வந்திருந்தது. அவர்களில் பத்துப் பேரின் ஆட்கள் ஆறு மணிக்கு முன்னால் போய்விட்டார்கள். காத்திருப்பவர்களிடம், "இருங்க, சாயங்காலம்தான் விடுவாங்க" என்று சொல்ல எனக்கு வாய் துடிக்கும். சொன்னால் கணக்கு கெட்டுவிடும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். முதல் இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் முதல் எல்லாரிடமும் சொன்னேன், சொன்னதையும் நோட்டில் எழுதினேன். சொல்லியும் வேலையை விட்டு, பிள்ளையை விட்டு இருக்க முடிந்தவர்கள் மூன்று பேர்தான்.

உத்தரவு வந்தது. காலை எண்ணிக்கை முடிந்ததும் எட்டரை மணிக்கு விடவேண்டும், நேரத்தைக் கடிதத்தில் போடவேண்டும். ஒரு பக்கக் காகிதம். சாயங்கால சங்கத்தார் எங்கள் வீட்டில் கூடிக் கைதட்டினார்கள். இனிமேல் பெயரை மாற்றவேண்டும் என்று தேநீர்க்கடை அம்மா சொன்னார். அண்ணன் கைதட்டவில்லை. நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"எங்க கெளம்பிட்ட?" என்றேன்.

"நூத்தி அம்பத்தெட்டு வரி," என்றான். "எத்தன வரி பொய்யோ தெரியல. நீயும் வா."

தச்சரின் வீடு இரண்டு பேருந்து தள்ளி, மரக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை செய்கிறார். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அண்ணன் தன்னை அறிமுகம் செய்துகொண்டான். அந்தம்மா உட்காரச் சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"இப்ப எதுக்கு வந்திருக்கீங்க? அவரே போயிட்டாரு."

அண்ணன் நோட்டைக் கை மாற்றிப் பிடித்தான். என்னைப் பார்த்தான். நான்தான் கேட்டேன். "அக்கா, அவரு வெளிய வந்த அன்னைக்கு நீங்க அங்க போனீங்களா?"

அந்தம்மாவின் முகம் சுருங்கியது. "போகாம? காலையில ஏழு மணிக்கே போயிட்டேன். பிள்ளைங்க பள்ளிக்கூடம் விடற வரைக்கும் நின்னேன். என்னையப் பாக்கப் பிடிக்காமத்தான் முன்னாடியே போயிட்டாரு. போய், அங்க போய்ச் செத்தாரு." கண்ணைத் துடைக்கவில்லை. பலமுறை தனக்குத்தானே சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தைகள் என்று தெரிந்தது. எனக்கும் அப்படி ஒன்று இருந்தது.

"போகலக்கா," என்றேன். "நீங்க நின்னப்போ அவரு உள்ளதான் இருந்தாரு. ஆறு நாப்பது வரைக்கும் உள்ளதான் இருந்தாரு. அப்பத்தான் விட்டாங்க."

அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவை விட்டார். வாசற்படியிலேயே மெதுவாக உட்கார்ந்தார். "ஆறு நாப்பதா?" என்றார்.  மறுபடியும், "ஆறு நாப்பதா?" என்றார்.

அண்ணன் நோட்டைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டினான். அவன் வரிக்கு நேராக, ஓரத்தில், நான் பார்த்திராத ஒரு திருத்தம் இருந்தது: 'தங்கை வந்தாள். ஒன்பதிலிருந்து மூன்று வரை. எனக்குத் தெரியாது.' அதன் கீழே தச்சரின் வரி. அந்தம்மா விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். 'யாரும் வரவில்லை' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"பேனா குடுங்க," என்றார்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அந்தம்மா நோட்டை முழங்காலில் வைத்து, அந்த வரியை அடிக்காமல், பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில், பெரிய பெரிய எழுத்தில் எழுதினார்: 'நான் வந்தேன்.'